கணினிக்குக் கோளாறா? கிருமியா?

பட்டுக்குப் பெயர் பெற்ற நம் காஞ்சி நகரில் கணினி நுழையாத இடம் இன்று அரிது. மாணவியரின் மதிப்பெண் பட்டியலும் சேலையின் முந்தானை டிசைனும் அதனுள்ளேதான் இருக்கின்றன. அத்தகைய கணினி ஒரு நாள், "அப்டேட் நிறைவேறவில்லை" என்று அறிவித்துவிட்டு மீண்டும் மீண்டும் நின்று தொடங்குகிறது. உடனே "வைரஸ் புகுந்துவிட்டது" என்று அலறுவோர் பலர். "இனி அப்டேட்டே வேண்டாம்" என்று அதை நிறுத்தி வைப்போர் வேறு சிலர். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதையும், செய்ய வேண்டியது யாது என்பதையும் இங்கே காண்போம்.

அப்டேட் என்பது யாது?

தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். துளையிட்ட அட்டைகள் நூலால் கோக்கப்பட்டு அதில் சுழலும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். இல்லாத இடத்தில் எழாது. பிரான்சு நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த இம்முறையைப் பின்பற்றியே, சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் துளையட்டைகளைத் தேர்ந்தெடுத்தார்.

கணினியின் நிரலும் இத்தகைய கட்டளைச் சரமே. பிழையுள்ள அட்டைகளை எடுத்துவிட்டுத் திருத்திய அட்டைகளைக் கோப்பது போன்றது அப்டேட். நடுவில் மின்சாரம் நின்றால் பாதி பழையதும் பாதி புதியதுமாகிவிடும். ஆகவே கணினி பழைய சரத்துக்கே திரும்ப முயல்கிறது. நச்சு நிரல் என்பதோ, அயலான் ஒருவன் களவாகச் செருகிய அட்டை.

இரண்டு நிகழ்ச்சிகள்

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி நின்றன. சென்னை உள்ளிட்ட நம் நாட்டு விமான நிலையங்களிலும் பணி தடைப்பட்டது. பல இடங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளே வழங்கப்பட்டன. ஆனால் காரணம் வைரஸ் அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள அப்டேட்டே காரணம். கணினியை 'சேஃப் மோட்' நிலையில் தொடங்கி ஒரு கோப்பை நீக்கியதும் அது சரியாயிற்று.

2017-இல் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. பலர் அதைப் போடவில்லை. மே 12 அன்று 'வானாக்ரை' என்னும் நச்சு நிரல் அதே ஓட்டை வழியே புகுந்து, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல தத்தளித்தன. திருப்பதி தேவஸ்தானத்தின் சில அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

ஆகவே, அப்டேட் தவறினால் அது வைரஸ்தான் என்று முடிவு கட்டலாகாது. அப்டேட்டை வெறுத்து ஒதுக்கவும் ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியவை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? எனவே எளிய காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

1. காலியிடம் உண்டா? பெரிய அப்டேட்டுகளுக்கு 20 ஜிகாபைட் அளவு இடம் இருத்தல் நலம்.

2. தேதியும் நேரமும் சரியா? பழைய கணினியின் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் தேதி தவறிப்போகும். அப்போது அப்டேட் தரும் சர்வரின் சான்றிதழைக் கணினி ஏற்காது.

3. இணையமும் மின்சாரமும் இடையில் அறுந்தனவா?

4. திரையில் தோன்றிய பிழை எண்ணை அப்படியே குறித்துக்கொண்டோமா? தெரிந்தவரிடம் கேட்க அதுவே உதவும்.

5. இவற்றிலும் தீராவிடில், செட்டிங்ஸில் உள்ள டிரபிள்ஷூட்டரை இயக்கலாம்.

ஐயப்பட வேண்டிய அறிகுறிகள்

2008-இல் பரவிய 'கான்ஃபிக்கர்' என்னும் நச்சு நிரல், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிட்டு, வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் இணையதளங்களையும் திறக்கவொட்டாமல் செய்தது. எனவே அப்டேட் தவறுவதோடு, வைரஸ் தடுப்பு தானே அணைந்திருத்தல், பாதுகாப்புத் தளங்கள் மட்டும் திறவாதிருத்தல், கோப்புகளின் பெயர் மாறுதல் ஆகியவையும் சேர்ந்தால் ஐயப்படுவது தகும்.

அப்போது முதற்கண் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிரித்து வைப்பதன் பயனைக் கூடங்குளம் காட்டியது. 2019-இல் அங்கே நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் நச்சு நிரல் காணப்பட்டது. முக்கியமான உள் வலையமைப்பு அதனின்று தனித்திருந்ததால் பாதிப்பு இல்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.

அடுத்து, அக்கணினியில் பென் டிரைவைச் செருகி வேறு கணினிக்குக் கொண்டுபோகக் கூடாது. டிசைனை வரைந்த இடத்திலிருந்து அட்டை அடிக்கும் இடத்துக்குக் கிருமியும் உடன் சென்றுவிடும். டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' முறையால் முழுமையாகச் சோதிக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறு நல்ல கணினியிலிருந்தே மாற்ற வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இலவசத் துப்புரவுக் கருவிகளை வழங்குகிறது.

வருமுன் காத்தல்

முக்கியக் கோப்புகளின் பிரதி ஒன்றைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைப்போம். பிரதி இருந்தால், பூட்டிய கோப்புக்காக எவனுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை விட்டு ஓடுவதில்லை, சேலையையும் அறுத்தெறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துப் பின் நெய்கிறார். அப்பொறுமையைக் கணினியின் முன்னும் நாம் கடைப்பிடிப்போமாக!