சிறு குண்டும் பெரு வேட்டையும்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர் நம் முன்னோர். இப்பழமொழி யானையிடத்தும் சிங்கத்தினிடத்தும் செல்லுமா? சிறு துளைத் துப்பாக்கியும் கையால் கட்டிய தோட்டாவும் கொண்டு பெருவிலங்கை வேட்டையாடுதல் தகுமா? நூறாண்டுக்கு மேலாக வேட்டைக்காரர்கள் வாதிட்டு வரும் வினா இது. நாம் துப்பாக்கி பிடித்தவரல்லோம், தராசு பிடித்தவர். ஆயினும் இவ்வினாவின் விடை அளவையும் நிறையையும் பற்றியது. ஆகவே அதனை இங்கு ஆராயப் புகுந்தோம்.

1. துளையும் குண்டும்

துப்பாக்கிக் குழலின் உட்துளை அகலத்தைக் 'காலிபர்' என்பர். குண்டின் எடையைக் 'கிரெய்ன்' கணக்கில் கூறுவர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் எடையுள்ளது.

யானை வேட்டைக்கென்று செய்த 0.470 அங்குலத் துப்பாக்கியின் குண்டு 500 கிரெய்ன். வேகம் வினாடிக்கு 2,150 அடி. அதன் ஆற்றல் 5,000 அடி-பவுண்டுக்கு மேல். 7 மில்லிமீட்டர் மௌசர் எனப்படும் சிறு துளைத் துப்பாக்கியின் 173 கிரெய்ன் குண்டோ 2,300 அடி வேகத்தில் செல்வது; ஆற்றல் 2,000 அடி-பவுண்டு அளவே. கணக்கைப் பார்த்தால் முன்னதே வெல்ல வேண்டும். நடந்தது என்ன?

2. பெல் துரையின் பாடம்

ஸ்காட்லாந்தில் 1880-இல் பிறந்த டபிள்யூ. டி. எம். பெல், உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜாப் பகுதியில் வேட்டையாடியதால் 'கரமோஜோ பெல்' எனப் பெயர் பெற்றார். தந்தத்திற்காக அவர் வீழ்த்திய யானைகள் ஆயிரத்துக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவை மேற்சொன்ன 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் வீழ்ந்தவை.

இது மாயமன்று. யானையின் மண்டை பெரிது. மூளையோ ரொட்டித் துண்டம் போலச் சிறியது. பின்புறமாக, இரு காதுத் துளைகளின் இடையே அடங்கிக் கிடப்பது. அதைச் சூழ்ந்திருக்கும் எலும்பு தேன்கூடு போல அறை அறையாக உள்ளது. குறி தவறிய பெருங்குண்டும் அவ்வெலும்பிற்குள்ளேயே நின்றுவிடக்கூடும். பெல் இறந்த யானையின் மண்டையை வாளால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எப்பக்கம் நின்றால் எவ்வழியாகக் குண்டு செல்ல வேண்டும் என்று கற்றார். அவர் கையாண்ட குண்டும் உருக்குலையாத கெட்டிக் குண்டு, நீண்டது, கனத்தது, நேராகத் துளைத்துச் செல்வது. பூட்டின் திறவுவாய் தெரிந்தவனுக்குச் சிறு சாவி போதும். தெரியாதவனுக்குச் சம்மட்டி கொடுத்தாலும் கதவுதான் உடையும்.

3. ஜார்ஜ் கிரேயின் முடிவு

இம்மட்டோடு பாடத்தை முடித்தால் வாசகரை ஏமாற்றியவராவோம். 1911-ஆம் ஆண்டு, அன்று பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்கா எனப்பட்ட கென்யாவில், ஜார்ஜ் கிரே என்னும் வேட்டைக்காரர் சிங்கம் ஒன்றை எதிர்கொண்டார். அவர் பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி எட்வர்ட் கிரேயின் சகோதரர். அவர் கையிலிருந்தது 0.280 ராஸ் துப்பாக்கி. துளை பெல்லுடையதற்குக் கிட்டத்தட்டச் சமம். வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 2,900 அடி. பாய்ந்து வந்த சிங்கத்தின் மீது குண்டு பட்டது. ஆயினும் சிங்கம் நிற்கவில்லை. அவரைக் கடித்துக் குதறியது. அக்காயங்களால் கிரே மாண்டார்.

காரணம் யாது? அத்துப்பாக்கியின் குண்டு எடை குறைந்தது. பட்டவுடன் சிதறும்படி செய்யப்பட்டது. மானுக்கு அது ஏற்றது. எதிரே பாய்ந்து வரும் சிங்கத்தின் தசையிலும் எலும்பிலும் பட்டு, உயிர்நிலையை எட்டுமுன் அது நொறுங்கிப் போகும். ஒரே அளவுத் துளை ஒருவருக்குப் புகழையும் ஒருவருக்கு மரணத்தையும் தந்தது. துளையன்று, குண்டின் கட்டுமானமும் அது சென்று சேரும் ஆழமுமே முடிவு செய்கின்றன என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

4. கைத்தோட்டாவின் பயனும் பயமும்

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அடியிலிருந்து தீப்பொறி தரும் கேப்பு, மருந்து, குண்டு. சுட்டபின் கூடு எஞ்சும். அதைப் பழைய அளவுக்கு அமுக்கி, புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, குண்டை வைத்து அழுத்துவதே கைத்தோட்டா கட்டுதல். அமெரிக்கா முதலிய நாடுகளில் இது பலருக்குப் பழக்கமான வேலை. செலவு குறையும் என்பது ஒரு பயன். விலங்கிற்கு ஏற்ற குண்டைத் தாமே தேர்ந்து, ஒவ்வொரு தோட்டாவையும் ஒரே சீராகச் செய்யலாம் என்பதே பெரும்பயன்.

பயமும் உண்டு. "மருந்தைக் கூட்டினால் சிறு துப்பாக்கி பெருந்துப்பாக்கி ஆகிவிடும்" என்று எண்ணுவோர் உளர். அது பிழை. எல்லைக்கு மேல் இட்ட ஓரிரு கிரெய்ன், அதாவது ஒரு குன்றிமணி எடை, அழுத்தத்தை மிகையாக்கிவிடும். கேப்பு தட்டையாவதும், துப்பாக்கியின் தாழ் திறக்க வராமல் இறுகுவதும் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாவிடில் துப்பாக்கியே வெடித்துக் கண்ணையும் கையையும் கொண்டுபோகும். வெயிலில் காய்ந்த தோட்டாவில் அழுத்தம் இன்னும் ஏறும். அதனாலன்றோ இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்ற பெருந்தோட்டாக்களைப் பெரிய கூட்டில் குறைந்த அழுத்தத்திற்குச் செய்தனர்! கடையில் எடை தவறினால் வாடிக்கையாளர் திரும்பி வந்து கேட்பார். இத்தராசு தவறினால் கேட்பதற்கு ஆள் இராது.

நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே பெருங்குற்றம். ஆகவே இது அறிந்துகொள்வதற்கு மட்டுமே, செய்து பார்ப்பதற்கன்று.

5. விதிவிலக்கு விதியாகாது

1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் பெல்லா ட்வின் என்னும் கிரீ இனத்து மூதாட்டி, ஒற்றைத் தோட்டா 0.22 துப்பாக்கியால், அன்றைய உலகச் சாதனையாக அமைந்த பெருங்கரடியை வீழ்த்தினார். அணிலும் முயலும் சுடும் துப்பாக்கி அது. கரடி மிக அருகே வந்துவிட்டது. தலையின் பக்கவாட்டில் எலும்பு மெல்லிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. விழுந்தபின்னும் விடாமல் அதே இடத்தில் மேலும் பல குண்டுகளைச் செலுத்தினார். நெருக்கடியில் செய்த செயல் அது. அதனை வழக்கமாக்கினால் என்னாகும்? காயம்பட்ட விலங்கு நாட்கணக்கில் புதரில் கிடந்து துடிக்கும். அவ்வழியே விறகெடுக்க வரும் ஏழை அதன் கோபத்திற்கு இரையாவான்.

அதனால்தான் சட்டங்கள் எழுந்தன. ஜெர்மனியில் செம்மான், காட்டுப்பன்றி போன்றவற்றைச் சுடும் குண்டு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. 100 மீட்டர் தொலைவில் 2,000 ஜூல் ஆற்றல் இருத்தல் வேண்டும். ஆப்பிரிக்காவிலும் சில நாடுகள் யானைக்கும் எருமைக்கும் 0.375 அங்குலமே கீழெல்லை என வகுத்தன. பெல்லைப் போல் கற்றவர் ஆயிரத்தில் ஒருவர்; சட்டமோ மற்ற 999 பேருக்காக எழுதப்படுவது.

6. முடிவுரை

பெல் 1954-இல் காலமானார். கென்யா 1977-இல் வேட்டையையே தடை செய்தது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் உலக வாணிபத்தை நிறுத்த 1989-இல் நாடுகள் முடிவு செய்தன. ஆயிரம் யானை என்னும் எண்ணிக்கை இன்று புகழ்ச்சிக்குரியதன்று. மண்டையை அறுத்துப் பார்த்த அறிவே எடுத்துக்கொள்ளத் தக்கது.

அன்பர்களே! சிறு கருவி உடையவனுக்குப் பிழை செய்ய இடமில்லை. கருவி எவ்வளவு சிறிதோ, அறிவும் பொறுமையும் அவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும். "சுட முடியுமா?" என்பதன்று முதல் வினா, "தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்?" என்பதே முதல் வினா. அவ்வினாவுக்கு விடை தெரியாதவன் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவதே நேர்மை.