புகையிலைக்குள் எவ்வளவு அமிலம்?

பி.ஹெச், பி.கே.ஏ எல்லாம் முதலாம் ஆண்டில் மார்க்குக்காகப் படிச்சிருப்போம். அதே கணக்கு நம்ம பாட்டியின் சுருக்குப்பையிலும் இருக்கு.

நிகோடின் ஒரு காரம், அதன் பி.கே.ஏ சுமார் 8. பி.ஹெச் 8-ல் பாதி நிகோடின் மின்சுமை இல்லாமல் இருக்கும். பி.ஹெச் 6-க்கு இறங்கினால் அது சுமார் 1 சதவீதம்தான். இந்த மின்சுமையற்ற நிகோடின்தான் வாய்ச் சவ்வைச் சுலபமாகத் தாண்டும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்து மென்றால் பி.ஹெச் ஏறும், நிகோடின் வேகமாக ரத்தத்தில் கலக்கும். மின்சிகரெட் திரவங்களில் நேர்மாறு: பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து நிகோடினை உப்பாக்குறாங்க. தொண்டை எரிச்சல் குறையும், அதனால் அதிக நிகோடினையும் இழுக்க முடியும். ஆக, நிகோடினை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான். அமிலத்தையும் அளக்கணும்.

எப்படி அளப்பது?

1. கரைத்தெடுத்தல்: இலையில் இயல்பாகவே மாலிக், சிட்ரிக், ஆக்சாலிக் அமிலங்கள் உண்டு. ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி கால்சியம் ஆக்சலேட் படிகமாக இருக்கும்; வெறும் தண்ணீரில் கரையாது. அதனால் நீர்த்த அமிலத்தில் குலுக்கி வடிகட்டணும்.

2. பிரித்தல்: ஹெச்.பி.எல்.சி கருவியில் சி-18 காலம். ஓடும் கரைசலின் பி.ஹெச் சுமார் 2.5. ஏன்? நடுநிலைக் கரைசலில் இந்த அமிலங்கள் அயனியாகி, காலத்தில் நிற்காமல் ஓடிடும்.

3. கண்டறிதல்: 210 நானோமீட்டர் புறஊதா ஒளி. அங்கே வேறு பல பொருள்களும் ஒளியை உறிஞ்சும். வெளிவரும் நேரம் ஒத்துப்போனாலும் சந்தேகம் இருந்தால் நிறைநிறமாலையில் உறுதி செய்யுங்க.

4. கணக்கு: 0.5 கிராம் மாதிரி, 25 மி.லி கரைசல், கருவி காட்டுவது லிட்டருக்கு 80 மி.கி என்று வைப்போம். 80 × 0.025 = 2 மி.கி. அதை 0.5-ஆல் வகுத்தால் கிராமுக்கு 4 மி.கி. மாதிரியில் 20 சதவீதம் ஈரமா? உலர் எடை 0.4 கிராம், விடை 5 மி.கி! எந்த எடையில் கணக்கிட்டோம்னு எழுதாத அறிக்கையை எதனோடும் ஒப்பிட முடியாது.

5. சோதனை: தெரிந்த அளவு அமிலத்தை மாதிரியில் சேர்த்து மறுபடி அளங்க. 100 மி.கி சேர்த்து 70 மட்டும் கூடியிருந்தால், 30 எங்கே போச்சுன்னு தேடணும்.

கையுறை மறக்காதீங்க; நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

சுண்ணாம்பை விட்டால் புகையிலை பாதுகாப்பானதுன்னு அர்த்தமில்லை. புற்றுநோய் ஆபத்து அப்படியேதான் இருக்கு. ஆனால் அந்தச் 'சுருக்' எங்கிருந்து வருது, ஏன் விட முடியலைன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போனா, பாட்டி பக்கத்துல உட்கார்ந்து பொறுமையா சொல்லிப் பாருங்க.