துபாயில் ஃப்ளாட்: சிக்கல் அங்கே இல்லை, இங்கே!

கேள்வி: திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். துபாய் ஜுமைரா வில்லேஜ் சர்க்கிளில், இன்னும் கட்டி முடியாத ஒரு ஃப்ளாட்டை 12 லட்சம் திர்ஹாமுக்குப் பேசியிருக்கிறேன். முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, மீதியைச் சென்னையில் ரூபாயாகக் கொடுத்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். வெளிநாட்டுக்காரர் பெயரில் அங்கே பத்திரம் ஆகுமா?

பதில்: தாராளமாக ஆகும். 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு, துபாயில் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு சொத்து வாங்கலாம். நீங்கள் சொல்லும் இடமும் அதில் அடக்கம். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பணம் எந்த வழியாகப் போகப்போகிறது?

சென்னையில் ரூபாய் கொடுத்தால் துபாயில் திர்ஹாம் கிடைப்பதற்குப் பெயர் ஹவாலா. ஏஜென்ட் எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும் அதுதான். ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வெளிநாட்டில் விதிமீறி வாங்கிய சொத்துக்கு ஈடாக, அதே மதிப்புள்ள உங்கள் இந்தியச் சொத்தை அமலாக்கத் துறை முடக்கவும் முடியும். துபாய் வீட்டுக்காகத் திருச்சி கடை மாட்டிக்கொள்ளும். கார்டும் வேண்டாம். அது அன்றாடச் செலவுக்கானது. வீடு வாங்குவது மூலதனக் கணக்கில் சேரும்.

நேர்வழி, வங்கியில் ஏ2 படிவம் கொடுத்து, எல்.ஆர்.எஸ். என்ற, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில் அனுப்புவது. ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதி, ஏறக்குறைய 9.18 லட்சம் திர்ஹாம். உங்களுக்கு அது போதாது. மனைவியும் தன் கணக்கில் தன் பங்கை அனுப்பலாம். அப்படியானால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது வரியில் கழியும். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காதே, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடு கைக்கு வந்தபிறகும் பல வருடம் தவணை நீளும் திட்டத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நடுவில் விதி மாறலாம்: 2013 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எல்.ஆர்.எஸ். வரம்பை 2 லட்சத்திலிருந்து 75,000 டாலராகக் குறைத்து, வீடு வாங்க அனுப்புவதையே நிறுத்தியது. தடை விலக மறு ஆண்டாயிற்று. நடுவில் தவணை கட்ட வேண்டியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

துபாய் பக்கம்: கட்டுநர் பெயரில் வரும் சாதாரணக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அந்தத் திட்டத்துக்கான எஸ்க்ரோ கணக்குக்கே அனுப்ப வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு அதுதான். 'ஊகூத்' எனப்படும் இடைக்காலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். நிலப் பதிவுத் துறைக் கட்டணம் 4%, வழக்கமாக அதை வாங்குபவர் தலையில்தான் கட்டுவார்கள்.

வாடகை வந்தால் அங்கே வருமான வரி இல்லை, இங்கே உண்டு. வாடகையே வராவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சத்துக்குள் இருந்தால் விலக்கு என்று யாராவது சொன்னால், அது வீடு, மனைக்குப் பொருந்தாது என்று சொல்லுங்கள்.