பழைய டிராக்டருக்கு ஆல்டர்னேட்டர்

டைனமோ வைத்த பழைய டிராக்டர், பழைய ஜீப் இன்னும் நம் உழவர்கள் பலரிடம் ஓடுகிறது. அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

எங்கள் செவிலிமேட்டில் பக்கத்து வயல் தம்பி 14 மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். "சார், இதை வித்துட்டுப் புது வண்டிக்கு லோன் போட்டுடலாமா?" என்று கேட்டார். வங்கியில் இருந்தவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். இன்ஜின் நன்றாக இருக்கிறது, கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. சார்ஜ் ஏறவில்லை என்பதற்காகவா வருடக்கணக்கில் தவணை கட்டுவது?

வரவு செலவு போட்டுப் பார்த்தோம். அவர் வண்டியில் இருந்த டைனமோவின் முழு வரவே 11 ஆம்பியர்தான். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடினால். 45 வாட் முன்விளக்கு இரண்டுக்கு ஏழரை ஆம்பியர், பின்னால் கலப்பை விளக்குக்கு 3, டிரெய்லர் சிவப்பு விளக்குக்கு 1. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் வாங்கிய கடனை அடைக்க என்ன மிச்சம்? ஐட்லிங்கில் ஓடும்போது கட்-அவுட் விட்டுவிடும்; வரவு பூஜ்யம். நவரை அறுவடையில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு இருட்டில் பாலாற்றுப் பாலம் தாண்டுகிறோம். சிவப்பு விளக்கு மங்கிப்போனால் பின்னால் வருகிற டூவீலர்காரருக்கு டிரெய்லர் இருப்பதே தெரியாது. பேட்டரிக் காசைவிட எனக்கு இந்தப் பயம்தான் பெரிசு.

டைனமோவில் சுற்றுகிற பாகத்தில்தான் மின்சாரம் உண்டாகிறது. அத்தனையும் கார்பன் பிரஷ் வழியாக வெளியே வரவேண்டும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் தாங்காது. ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். காந்தம் சுற்றும், மின்சாரம் தரும் சுருள் அசையாமல் நிற்கும். பிரஷ் வழியே போவது சிறிய மின்னோட்டம்தான். அதனால் சின்ன புல்லி போட்டு இன்ஜினைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றலாம். ஐட்லிங்கிலும் சார்ஜ் ஏறும். உண்டாகும் ஏசி மின்சாரத்தை உள்ளே இருக்கும் டயோடுகள் டிசி ஆக்கிவிடும். டிராக்டருக்கு 36 ஆம்பியர் போதும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற மாதிரி வாங்குங்கள். பழைய கட்-அவுட் பெட்டியின் வேலை முடிந்தது. அதன் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும்.

மாட்டும் முன் எர்த் பாருங்கள். பழைய இங்கிலாந்து டிசைன் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டயோடு அந்த நொடியே போய்விடும். முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, அம்மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள்.

எலக்ட்ரீசியன்கள் அவசரத்தில் விடுவது ஒயர் விஷயம். 11 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் 36 போனால் சூடாகி உருகும். பக்கத்தில் வைக்கோல் வேறு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. செம்பு ஒயர் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். அம்மீட்டரும் அந்த அளவைத் தாங்க வேண்டும். சார்ஜ் விளக்குக்குப் பழைய குண்டு பல்பே இருக்கட்டும். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ள முதல் மின்னோட்டம் அது வழியாகத்தான் போகிறது. சின்ன எல்இடி போட்டால் அது போதாமல் போகும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கினால் சரி.

மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள். இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை, ஆசிட் கொதித்துப்போகும். தம்பி வண்டியில் எல்லா விளக்கும் போட்டு 13.9 நின்றது. ஆன செலவு புது டிராக்டரின் ஒரு தவணைக்குக்கூட வராது. செத்த பேட்டரி ஒவ்வொன்றும் ஈயமும் அமிலமும்தான். மண்ணில் உப்பு உரம் போடாத நாம் அதையும் குறைக்கலாமே.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய டைனமோ காலத்துச் சோதனை இதில் கூடவே கூடாது. கலப்பைக்கோ டிரெய்லர் கொக்கிக்கோ வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைப்பதாக இருந்தால், பேட்டரியின் இரண்டு முனையையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றி வைத்துவிட்டுப் பட்டறைக்காரரைத் தொடங்கச் சொல்லுங்கள்.