ஞான தானமும் சிற்றூர்ப் பள்ளியும்

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என இல்லறத்தார்க்குரிய தானம் நான்கு என்பது நம் பிள்ளைகளும் அறிந்த பாடம். இவற்றுள் சாத்திர தானத்தை, நூல்களை அச்சிட்டு வழங்குவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எழுத்தறியாதவர் கையில் ஏட்டைக் கொடுத்துப் பயன் என்ன? எழுத்தறிவித்தலும் அத்தானத்தின் பாற்பட்டதே. அதனை ஏழைச் சிற்றூர்களில் செய்து காட்டிய சமணப் பெருமகனார் ஒருவரின் பணியை இங்கே காண்போம்.

மராட்டியத்தில் கோலாப்பூரை அடுத்த கும்போஜ், பாகுபலி குன்றினால் நம் யாத்திரிகர் அறிந்த தலமாகும். அவ்வூரில் 1887-இல் திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தவர் பாவுராவ் பாட்டீல். 1919-இல் காலே என்னும் சிற்றூரில் 'இரயத் சிக்ஷண் சன்ஸ்தா' என்னும் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். 'இரயத்' எனில் குடியானவர் என்று பொருள். 1924-இல் கழகம் சாதாரா நகருக்கு மாறியது. அங்கு அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்டனர். 1927-இல் அங்கு வந்த காந்தியடிகள் விடுதிக்குச் சாகு மன்னரின் பெயரைச் சூட்டினார்.

கட்டடம் எழும்பட்டும், பின்னர் ஆசிரியரைத் தேடுவோம் என்பது பலரது வழக்கம். பாட்டீல் ஆசிரியரையே முதலில் தேடினார். 1935-இல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். கோயில் முற்றமும் ஊர்ச் சாவடியும் வகுப்பறைகள் ஆயின. இவ்வாறு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் எழுந்தன.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமோ? வீடுதோறும் பிடி தானியம் எடுத்துவைக்கச் செய்து பெற்றனர். நம் பக்கத்துப் பிடியரிசி போன்றதே இது. விடுதியில் தானியம் தீர்ந்தபோது அவர்தம் துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளோடு மங்கல நாணையும் விற்று உணவளித்தார். கணவரின் பெயர் பரவிய அளவுக்கு இவ்வம்மையாரின் பெயர் பரவவில்லை என்பது நம் குறை.

தமிழ்ச் சமணத்துக்கும் இது புதிதன்று. வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த வேடலில், 9-ஆம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியார்க்கு மாணாக்கியர் ஐந்நூற்றுவர் இருந்தனர். அவர்களைக் காத்து உணவளிக்க ஊரார் உடன்பட்டதை அங்குள்ள கல்வெட்டு உரைக்கிறது. ஆகார தானமும் சாத்திர தானமும் அங்கே ஒன்றாயின.

இன்று நம் ஊர்களில் புதுப் பள்ளி கட்டுவதற்கு விரைய வேண்டுவதில்லை. அரசுப் பள்ளிகளில் மதிய உணவும், 2022 முதல் காலை உணவும் கிடைக்கின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. ஆயினும் பெற்றோருடன் செங்கற்சூளைக்குப் பெயர்ந்து, பாதி ஆண்டில் திரும்பும் பிள்ளை விட்ட பாடத்தை யாரிடம் கேட்கும்? அப்பிள்ளைகளுக்கென மாலையில் ஓர் ஆசிரியர் போதும். பஞ்ச கல்யாண விழாவுக்கு நிதி திரட்டும் ஊர்கள், அதிலிருந்தே அவருக்கு ஓராண்டு ஊதியம் ஒதுக்கலாம். இடத்துக்குக் கவலையில்லை, கோயிலை அடுத்த மண்டபம் பெரும்பாலான நாள்களில் வெறிதே கிடக்கின்றது.