யாருடைய இதயம் என்று முதலில் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

எஃப்.ஐ.எம்.எச். கூட்டத்துக்குக் கட்டுரை அனுப்பப் போவதாக நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. இதயத்தின் இயக்கத்தைப் படம்பிடிப்பவர்களும் அதைக் கணினியில் மாடலாக்குபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. 2001-இல் ஹெல்சிங்கியில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லியோன், பார்சிலோனா, மாஸ்ட்ரிக்ட், டொராண்டோ என்று ஊர் ஊராகப் போய் 2025-இல் டல்லாஸுக்கு வந்தது. அந்த மேடையில் பொழிச்சலூர்ப் பிள்ளை ஒருவன் நின்று பேசுவதை நினைக்கவே எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதனால்தான் மனதில் உள்ள கவலையையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உன் கட்டுரைச் சுருக்கத்தில் மாடலின் துல்லியத்தைப் பற்றி மூன்று இடத்தில் பேசுகிறாய். அந்த மாடல் யாருடைய இதயத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை.

நீ எடுத்துக்கொண்டிருக்கும் ஏ.சி.டி.சி. தொகுப்பு நல்ல தொகுப்புதான். பிரான்ஸில் டிஜோன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 150 பேருக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள். 2017-இல் போட்டிக்காகத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உலகமே அதில் பயிற்சி எடுக்கிறது. அதில் உள்ளவர்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: நலமான இதயம், மாரடைப்பு கண்ட இதயம், விரிந்துபோன இதயம், தசை தடித்த இதயம், வலது கீழறை கோளாறான இதயம். இந்த ஐந்தில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய இதயம் எங்கே? சின்ன வயதில் தொண்டைப் புண், பிறகு மூட்டுவலியோடு காய்ச்சல், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது. கர்ப்பமான பிறகுதான் தனக்கு வால்வில் கோளாறு என்று தெரிந்துகொள்ளும் பெண்கள் நம் நாட்டில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் படத்தை உன் மாடலிடம் கொடுத்தால் அது ‘தெரியாது’ என்று சொல்லாது. ஐந்தில் ஒன்றைத் தயங்காமல் சொல்லும். எனக்கு அதுதான் பயம்.

மாரடைப்பிலும் நம் கணக்கு வேறு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் வயதில் ஆறு ஆண்டு என்பது சின்ன வித்தியாசம் இல்லை. வயதை ஓர் எண்ணாக மாடலுக்குள் கொடுத்தால், அந்த எண் இங்கே ஒன்று சொல்லும், அங்கே வேறொன்று சொல்லும்.

ஈசிஜி பக்கம் வந்தாலும் இதே கதைதான். எல்லோரும் கைவைக்கும் எம்.ஐ.டி.-பி.ஐ.எச். தொகுப்பு பாஸ்டனில் பதிவானது, 1980-இல் வெளிவந்தது. அரைமணி நேரப் பதிவுகள் 48. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அந்தத் தொகுப்புக்கென்று எழுதிய 60 ஹெர்ட்ஸ் வடிகட்டியை அப்படியே கொண்டுவந்து நம்மூர்ப் பதிவில் போட்டால், மின்சார இரைச்சல் போகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார். மே மாதம். உள்ளே வருகிறவரின் மார்பில் வியர்வை. நர்ஸ் அக்கா பஞ்சால் துடைத்து, ஜெல்லி தடவி, ரப்பர் குமிழை அமுக்கி ஒட்டவைப்பார், ஒட்டாமல் நழுவும். நாலாவது எலக்ட்ரோடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே போயிருக்கும். பெரியவர் ஏதோ கேட்கத் திரும்புவார், கோடு அலைபாயும். பேப்பரில் வரும் அந்த அலை நோயா, நழுவிய குமிழா என்று அந்த அக்கா ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். உன் மாடலுக்கு அது தெரியுமா என்று அவர் பக்கத்தில் நின்று யோசித்துப் பார்.

நம் தரவு இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பாய். பிரேசில்காரர்கள் செய்ததைப் பார். வடகிழக்கு பிரேசிலில் 2014-லும் 2015-லும் முகாம் போட்டு, பெரும்பாலும் குழந்தைகளின் இதய ஒலியைப் பதிவு செய்தார்கள். 1,568 பேர். அந்தத் தொகுப்பை வைத்துத்தான் 2022-இல் பிசியோநெட் என்ற தரவுத் தளத்தின் போட்டி நடந்தது. எங்கெங்கோ இருந்த ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளின் இதயத்தில் முணுமுணுப்பு இருக்கிறதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பள்ளிக்கூடங்களில் ஏன் அப்படி ஒரு முகாம் நடக்கக் கூடாது? விமானம் இறங்கும் சத்தம் பதிவில் ஏறும்தான். ஏறட்டும், அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் முணுமுணுப்பைப் பிடிக்கிற மாடல்தான் இந்த ஊருக்கு வேண்டும்.

இன்னொன்று, இதைவிட ஆழமானது. மாடலின் கோடு அளவீட்டோடு பொருந்திவிட்டால் காரணம் புரிந்துவிட்டது என்று நினைக்காதே.

டெனிஸ் நோபிள் பெயர் உனக்குத் தெரியும். நரம்புக்காக ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதிய சமன்பாடுகளை இதய செல்லுக்கு ஏற்ப மாற்றி, 1960-இல் முதல் இதய செல் மாடலைக் கொடுத்தவர். அப்போது அவர் லண்டனில் ஆய்வு மாணவர், உன் வயதுதான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெராண்டி மெர்குரி கணினியில் அவருக்குக் கிடைத்த நேரம் விடியற்காலை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் நடந்தது. இதயத்தின் பர்கின்ஜி இழை தானாகத் துடிப்பதற்கு ஒரு பொட்டாசியம் மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைவதே காரணம் என்று வைத்து, அவரும் உடன் உழைத்தவர்களும் 1975-இல் ஒரு மாடல் போட்டார்கள். கோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் காரணம் தவறு. துடிப்பு வருவது வெளியே போகும் மின்னோட்டம் குறைவதால் அல்ல, உள்ளே வரும் ஒரு மின்னோட்டம் கூடுவதால் என்று இத்தாலியரான டாரியோ டிஃப்ரான்செஸ்கோ 1981-இல் காட்டினார். நோபிள் பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. டிஃப்ரான்செஸ்கோவோடு சேர்ந்தே 1985-இல் புது மாடல் எழுதினார். அந்த மாடல் முன்பு ஏன் எல்லோரும் ஏமாந்தார்கள் என்பதையும் சேர்த்து விளக்கியது: செல்களுக்கு நடுவே பொட்டாசியம் வற்றிப்போனதால், உள்ளே வருவது வெளியே போவதுபோல அளவையில் தெரிந்திருக்கிறது. அந்த உள்வரும் மின்னோட்டத்தைத் தடுத்துத் துடிப்பைக் குறைக்கும் இவாபிரடின் மாத்திரை இன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது. 1975-இன் கோடு பொருந்தியதோடு எல்லோரும் திருப்திப்பட்டிருந்தால், அந்த மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

அதனால் உன் கட்டுரையில் மாடல் தோற்றுப்போன படங்களுக்கு ஒரு பக்கம் கொடு. எது எது தவறிப்போனது, ஏன் தவறியிருக்கலாம் என்று எழுது. கூட்டத்தில் கைதேர்ந்தவர்கள் வந்து நின்று பேசுவது அந்தப் பக்கத்தின் முன்னால்தான்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சிதாப்ர சின்ஹா, அஷ்வின் பாண்டே, ராகுல் பண்டிட் மூவரும் 2001-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படித்திருப்பாய் என்று நினைக்கிறேன். படிக்கவில்லை என்றால் இன்றே படி. கீழறைத் தசையில் மின்அலை கொசுவர்த்திபோல் சுருண்டு, உடைந்து, பல சுருள்களாகிவிட்டால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். மின்அதிர்ச்சி கொடுத்தால்தான் ஆள் பிழைப்பார். இவர்கள் மாடலில் வேறு வழி காட்டினார்கள். தசையின்மேல் ஒரு வலைக்கோடு போட்டு, அந்தக் கோடுகளில் மட்டும் சிறிய தூண்டல் கொடுத்தால், அந்த இடம் சற்று நேரம் எந்த அலையையும் கடத்தாது. ஒவ்வொரு கட்டமும் ஒரு சுருளைத் தாங்கப் போதாத அளவுக்குச் சின்னது. அலை ஓரத்தில் மோதி அணைந்துவிடும். மிகக் குறைந்த மின்சாரம் போதும். சின்ஹா பிறகு இந்தத் தரமணி நிறுவனத்துக்கு வந்து, எஸ். ஸ்ரீதரோடு சேர்ந்து இந்த வகை அலைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோடு பிடித்தால் தரமணி என்ன தூரம்? வெளிநாட்டில் யாரோ கேட்டு நீ தெரிந்துகொள்ளக் கூடாது, நம் வீட்டுப் பக்கத்திலேயே இந்த வேலை நடக்கிறது என்று.

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகப் பேசு. முதல் ஸ்லைடில் தரவு எந்த ஊர், எத்தனை பேர், எந்த மெஷின் என்று போட்டுவிடு. ‘டிஜிட்டல் இதயம்’ என்று தலைப்பில் எழுதாதே. நீ செய்திருப்பது இடது கீழறையின் ஓர் உருவம் மட்டும். டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போய், இதை வைத்து நாளைக்கு என்ன முடிவை மாற்றுவீர்கள் என்று கேள். பதில் வரவில்லை என்றால் வருத்தப்படாதே, கேள்வியைக் குறித்துக்கொள்.

பள்ளிக்கூட முகாம் யோசனை பிடித்திருந்தால், முதலில் எத்திக்ஸ் கமிட்டிக்கான விண்ணப்பத்தை எழுது. பெற்றோரின் சம்மதப் படிவம் தமிழில், அவர்கள் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். முணுமுணுப்பு கேட்கும் குழந்தையை எக்கோவுக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, செலவை யார் ஏற்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். அதை முடிவு செய்யாமல் ஒரு குழந்தையின் மார்பிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைக்காதே. வரைவை எனக்கு அனுப்பு. சம்மதப் படிவத்தை நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்,
பொழிச்சலூர்