சித்திரக்கதை கலையாமோ? ஜெனீவாப் பள்ளியாசிரியர் ஒருவரின் வரலாறு

வகுப்பறையில் ஆசிரியர் இலக்கணம் விரித்துரைத்துக்கொண்டிருக்கப் பின்வாங்கிலிருந்து, கொப்பியின் ஓரத்தில் அவ்வாசிரியரின் மூக்கையும் மூக்குக்கண்ணாடியையும் வரைந்து மகிழும் மாணாக்கர் இல்லாத கல்லூரி இல்லை. அகப்பட்டோர் பெற்ற பரிசு இன்னதென்று பழைய மாணவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் ஆசிரியத் தொழில் பூண்ட நாமும் அத்தகைய தாளொன்றை மாணாக்கனொருவன் கையினின்று பறித்துக் கிழித்ததுண்டு. அன்று அது கடமையெனத் தோன்றிற்று. இன்று அத்தாளை நினைக்குந்தோறும் ஒரு வினா எழுகின்றது. சிரிப்பின் பொருட்டு வரையப்பட்ட கோடுகள் கலையாகுமா? ஆகுமெனின், உலகம் அவற்றை மதிப்பதற்கு ஏன் இத்துணைக் காலஞ் சென்றது? இவ்வினாக்களுக்கு விடைகாணும்பொருட்டு, தாமே பள்ளியாசிரியராயிருந்து சித்திரக்கதைக்கு வழிவகுத்த ஒருவரின் வாழ்க்கையை ஈண்டு நோக்குவாம்.

றொடோல்வ் ரொப்பர் என்பார் 1799ஆம் ஆண்டு சனவரி மாதம் 31ஆம் நாள் ஜெனீவா நகரிற் பிறந்தவர். தந்தையார் பெயர்பெற்ற ஓவியர், கேலிச்சித்திரத்திலுங் கைதேர்ந்தவர். மைந்தரும் தந்தையாரின் வழியே செல்ல விரும்பினார். ஆயின் கண்ணோய் குறுக்கே நின்றது. ஓவியராகும் எண்ணத்தைக் கைவிட்டு ஆசிரியரானார். 1824ஆம் ஆண்டளவில் சிறுவர்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தாமே நிறுவினார். விடுமுறைக் காலத்தில் மாணாக்கரைக் கால்நடையாக அல்ப்ஸ் மலைப்புறங்களுக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். அவர்களை மகிழ்விக்கும்பொருட்டுத் தாளிற் கட்டம் வகுத்துச் சித்திரம் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு வரியெழுதிக் கதை நடத்திச் செல்வார். வண்ணந் தீட்ட இடங்கொடாத கண், மெல்லிய கோடு வரைய இடங்கொடுத்தது. குறைபாடே புதுவழிக்குக் காரணமாயிற்றென்று கொள்ளலாம்.

அவ்வாறு 1827இல் உருவான கதை 'வியோ புவா' என்பவரைப் பற்றியது. பெண்ணொருத்தியிற் காதல்கொண்ட அம்மனிதர், அவளை அடைய முயன்று முயன்று தோற்பதும், உயிர்விடத் துணிந்து அதிலுந் தோற்பதும், ஒவ்வோர் அமளிக்குப் பின்னும் மறவாது சட்டை மாற்றிக்கொள்வதும் கட்டங்கட்டமாகச் செல்கின்றன. 'கிறேப்பன்' என்ற மற்றொரு கதை நம்மனோர்க்கு இன்னும் நெருக்கமானது. பிள்ளைகள் பலரையுடைய தந்தையொருவர், கல்விமுறைகள் வெவ்வேறுடைய ஆசிரியர்களை மாறிமாறி அமர்த்தி அவதியுறும் வரலாறு அது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணமறியலாமென்ற அக்காலத்துப் போலிச் சாத்திரமும் அதில் நகையாடப்படுகின்றது. தம் தொழிலையே எள்ளி நகையாடும் துணிவு ஆசிரியர் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

இக்கதைகள் நெடுங்காலம் நண்பர் கைகளிலே கையெழுத்துப் படிகளாகவே உலாவின. அவற்றுட் சில 1830ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மானியப் பெரும்புலவர் கெதேயின் பார்வைக்குச் சென்றன. கேலிச்சித்திரத்திற் பெருவிருப்பில்லாத அம்முதியவர் இவற்றைக் கண்டு மிக மகிழ்ந்தார். ஒரே முறையிற் பல பக்கம் பார்த்தாற் கருத்து அசீரணம் உண்டாகுமென வேடிக்கையாகக் கூறிச் சிறிது சிறிதாகவே சுவைத்தார் என்பர். அப்பாராட்டு ரொப்பருக்கு ஊக்கமளித்தது. ஆயினும் 1832இல் அவர் ஜெனீவாக் கல்விக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக நியமனம் பெற்றார். பேராசிரியருக்கு இத்தகைய விளையாட்டுத் தகுமோ என்ற தயக்கம் அவரை விட்டு நீங்கவில்லை போலும். 'ஜபோ' என்னும் முதற் சித்திரக்கதை 1833இல் அச்சாகியும் 1835இலேயே வெளியுலகைக் கண்டது. தம் கையால் விளைந்த சிறந்த பொருளையே இரண்டாண்டு மறைத்துவைக்கச் செய்வதாயின், பதவியின் மானம் எத்துணைப் பாரமானதென்பதை எண்ணிப் பார்க்க.

அவர் கையாண்ட அச்சுமுறையும் கருதத்தக்கது. கல்லச்சில் நேரே வரைவோர் சித்திரத்தையும் எழுத்தையும் இடம்வலமாக மாற்றி வரைதல் வேண்டும். ரொப்பரோ தனியாக அணியஞ்செய்யப்பட்ட தாளில் நெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, அதனைக் கல்லுக்கு மாற்றும் முறையைக் கைக்கொண்டார். அதனால் அவர்தம் கோடு எவ்வாறு ஓடிற்றோ அவ்வாறே அச்சில் விழுந்தது. எழுத்தும் சித்திரமும் ஒரே கையின் ஒரே இயக்கமாக அமைந்தன. அவர் உயிருடனிருந்த காலத்தில் ஏழு கதைகள் வெளிவந்தன. அவருடைய அனுமதியின்றியே பாரிஸ் நகரிற் சில படியெடுத்து விற்கப்பட்டன. வியோ புவாவின் கதை 1842இல் ஆங்கில உருவில் நியூயோக் நகரையும் எட்டியது.

ஓவியங்களை வரிசையாக அமைத்துக் கதை சொன்னவர் ரொப்பருக்கு முன் இலரோ எனின், உளர். ஆங்கில ஓவியர் ஹோகாத் அத்தகையோர். ஆயின் இக்கலையின் இயல்பைச் சிந்தித்து எழுதியவர் ரொப்பரே. சித்திரத்தை நீக்கினால் எழுத்துப் பொருளற்றதாகும், எழுத்தை நீக்கினாற் சித்திரம் மயக்கந் தரும், இரண்டுங் கூடியவழியே கதை பிறக்கும் என்பது அவர் கொள்கை. 1845இல் முகக்குறி பற்றி அவர் எழுதிய கட்டுரை மேலும் ஆழமானது. எத்துணைத் திறமையின்றி வரையப்பட்ட முகமாயினும் அதற்கு ஒரு குணம் உண்டு. புருவக் கோட்டைச் சிறிது உயர்த்தினும் உதட்டைச் சிறிது தாழ்த்தினும் மூடன் அறிஞனாவான், அறிஞன் வஞ்சகனாவான். இதனை அவர் சோதனை செய்வார்போல வரைந்து காட்டினார். கலையறிஞர் கோம்பிறிச் 1960இல் வெளியிட்ட தம் பெருநூலில் இவ்வுண்மையை ரொப்பரின் விதியெனப் போற்றி ஆராய்ந்தார். அக்கட்டுரை வெளிவந்த மறு ஆண்டே, 1846 யூன் 8ஆம் நாள், தமது 47ஆம் வயதில் ரொப்பர் காலமானார்.

அவருக்குப் பின் சித்திரக்கதை செய்தித்தாள்களிற் பெருகிற்று. பெருகவே இகழ்ச்சியும் பெருகிற்று. 1924இல் கில்பேட் செல்டெஸ் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் அதனை உயிர்ப்புள்ள கலையென வாதிட்டார். முப்பதாண்டு கழிந்து, 1954இல், அதே நாட்டில் உளமருத்துவர் வேர்தம் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றனவென நூலெழுதினார். செனற்சபைக் குழு விசாரணை நடத்திற்று. வெளியீட்டாளர் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தனர். 1955இல் பிரித்தானியாவிற் சட்டமே இயற்றப்பட்டது. காலம் மீண்டும் திரும்பியது. 1967இல் பாரிஸ் அலங்காரக் கலைக் காட்சியகத்திற் சித்திரக்கதைகளுக்குக் கண்காட்சி நிகழ்ந்தது. பிரான்சில் அது 'ஒன்பதாங் கலை' எனப் பெயர் பெற்றது. யூதர் பட்ட பெருந்துயரைத் தம் தந்தையாரின் வாய்மொழி கொண்டு எலியுருவிற் சித்திரித்த ஆட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1992இல் சிறப்புப் புலிற்சர் பரிசு பெற்றது.

பரிசும் கண்காட்சியுந் தாம் ஒன்றைக் கலையாக்குகின்றனவோ எனின், அன்று. 1967க்கு முன்னும் பின்னும் ரொப்பரின் கோடு ஒரே கோடுதான். மாறியது நோக்குவோர் கண்ணே. பழித்தோர் கூற்று முழுதும் பொய்யென்றுங் கூறோம். இழிந்த சித்திரக்கதைகள் அன்றும் இருந்தன, இன்றும் உள. இழிந்த செய்யுளும் இழிந்த நாடகமும் உளவென்பதற்காக நாம் கவிதையையும் கூத்தையுங் கலையல்லவெனத் தள்ளுவதில்லை. ஒரு துறையை அதன் கடையாயவற்றால் அளவாது தலையாயவற்றால் அளத்தலே நடுவுநிலையாம். சொல்லாலன்றிச் சித்திரத்தால் மட்டுமோ, சித்திரமின்றிச் சொல்லால் மட்டுமோ உரைக்க இயலாத ஒன்றை இரண்டன் கூட்டத்தால் உரைக்கவல்லது யாதோ, அது தனக்கெனத் தனிநெறியுடைய கலையேயாம். இந்த அளவுகோலை நமக்குத் தந்தவர் ஒரு பள்ளியாசிரியர் என்பது நாம் பெருமிதங் கொள்ளத்தக்கது.

மாணாக்கரே, பாடவேளையிற் பாடத்தையே கவனிக்க; அவ்விதியை நாம் தளர்த்த வந்தோமல்லோம். ஆசிரியப் பெருமக்களே, கொப்பியின் ஓரத்தில் உங்கள் மூக்கைக் காண நேரின், தண்டிப்பது உங்கள் உரிமை. ஆயின் கிழிப்பதற்கு முன் ஒருகணம் அதனை உற்று நோக்குக. நாம் கிழித்த அத்தாளில் நம் புருவம் எவ்வாறு வரையப்பட்டிருந்ததென்று இன்று நினைவுகூர முயல்கின்றோம், நினைவுக்கு வரவில்லை. அன்று நாம் அதனைச் சினத்தோடு பார்த்தோமேயன்றிக் கண்ணாற் கண்டோமில்லை.